தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் பொம்மை செய்யும் பட்டறை ஒன்றில் ராஜாம்பாளுக்குப் பிசிறு எடுக்கும் வேலை. அச்சிலிருந்து பிரித்த பொம்மையில் இரண்டு பாதிகளும் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று நிற்கும். மண் பாதி காய்ந்திருக்கும்போதே அதைக் கத்தி முனையால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்துவிட வேண்டும். ஈரம் அதிகமிருந்தால் விரல் பதியும். நன்றாகக் காய்ந்துவிட்டால் விரல் பட்டதும் உடையும். சரியாகத் துடைக்காமல் சூளைக்குப் போன பொம்மையில், மெருகு பூசிய பிறகும் கோடு தெரியும். அறுபது வயதைக் கடந்த பிறகும் முதலாளி அவளை நிறுத்தாததற்கு அவள் கையில் போன பொம்மை திரும்பி வராது என்பதுதான் காரணம்.

கணவர் இறந்து நாளாகிவிட்டது. மகன் ராஜ்மோகன் சொந்தமாக மினி லாரி வைத்து, பட்டறைகளிலிருந்து பொம்மைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போகிறவன். மருமகள் பிரபா ரயில்வே ஜங்ஷன் ரோட்டில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். ராஜாம்பாளுக்குப் பேச்சு குறைவு. சிறுவயதில் அவள் அப்படி இல்லை என்று சொல்ல ஊரில் இப்போது யாரும் மிச்சமில்லை.

நவராத்திரி ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் பட்டறை வாசலில் புதுச்சேரிக் கார் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ஜெயராஜ், வெளிநாட்டுக்காரர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறவர். பின்னாலிருந்து ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இறங்கினார்கள். ஆணுக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும். நல்ல கறுப்பு, அகலமான நெற்றி. பக்கத்துப் பலகையில் இருந்த இளமதி எழுந்து போய், "யாருங்க வேணும்? பெண்ணாடத்துலேருந்து வரீங்களா?" என்று கேட்டாள். அவர் சிரித்தார். ஒன்றும் விளங்கவில்லை என்பது சிரிப்பிலேயே தெரிந்தது.

"அவருக்குத் தமிழ் தெரியாதுக்கா. டென்மார்க்லேருந்து வராரு" என்றார் ஜெயராஜ்.

"என்னத்த டென்மார்க்கு! எங்க மாமன் வேட்டியக் கழட்டிட்டு பேண்ட்டப் போட்டுக்கிட்டு வந்து நிக்கற மாதிரி இருக்குது."

பட்டறை சிரித்தது.

"அப்ப அந்தம்மா சைனாவா?"

"கொரியா. அதுவும் பொறந்தது மட்டும்தான். கைக்கொழந்தையா டென்மார்க் போயிட்டாங்க. இவரும் அப்படித்தான், இங்கேருந்து போனவரு. அங்கப் பாத்து ரெண்டு பேரும் கட்டிக்கிட்டாங்க." ஜெயராஜ் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இங்க ராஜாம்பாள்னு யாராச்சும் இருக்காங்களா?"

ராஜாம்பாள் தலையைத் தூக்கி, "நான்தான்" என்றாள்.

அந்த ஆள் அவள் முன்னால் வந்து மண் தரையில் உட்கார்ந்தார். பெயர் ஆண்டர்ஸ். ஜெயராஜ் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னார். இரண்டு வயதில் கடலூர்ப் பக்கம் ஒரு ஹோமிலிருந்து அனுப்பப்பட்டவர். தாயின் பெயர் ராஜாம்பாள், விருத்தாசலத்தில் பொம்மைப் பட்டறை வேலை என்று மட்டும் அங்கே சொல்லியிருந்தார்கள். "நீங்கதான் அவங்க அம்மாவான்னு கேக்கறாரு."

ராஜாம்பாள் அவர் முகத்தைப் பார்த்தாள். வலது மூக்கு மடலில் மிளகு பதிந்தது போல ஒரு பள்ளம். அம்மைத் தழும்பு என்று அவர் இத்தனை காலம் நினைத்திருந்தாராம். சேறு படிந்த விரலால் அவள் அதைத் தொட்டாள். அவர் அந்தக் கையை அப்படியே பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினார். மண் கலக்கும் இயந்திரத்தைத் தவிரப் பட்டறையில் எல்லாம் நின்றுபோயிருந்தது.

அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

சொல்ல முடியாததற்குக் காரணம் அஞ்சலாட்சி. இதே எஸ்டேட்டில் ராஜாம்பாளோடு ஒரே பலகையில் உட்கார்ந்து வேலை செய்தவள். வீட்டை மீறி மாயவனைக் கட்டிக்கொண்டு பெண்ணாடம் பக்கமிருந்து வந்தவள். அவளுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவதாக ஆண் பிறந்ததும், தெருப் பெண்கள் அதைத் தவிட்டுக்கு விற்றுவிடச் சொன்னார்கள். இறந்த பிள்ளைகளுக்குப் பின் பிறந்ததற்கு மூக்குக் குத்தி, முறத்தில் கிடத்தி, குப்பைமேட்டில் வைத்துவிடுவார்கள். வேறு வீட்டுப் பெண் ஒருத்தி ஒரு முறம் தவிடு கொடுத்து அதை எடுத்துக்கொள்ள வேண்டும். தேடி வருகிற சாவு, இது அந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று திரும்பிப் போய்விடும். வாங்கியவள், பெற்றவளிடமே வளர்க்கக் கொடுத்துவிடலாம். ஆனால் பெற்றவள் அதைத் தான் பெற்றது என்றும், வாங்கியவள் தன்னுடையது இல்லை என்றும் வாயால் சொல்லக் கூடாது.

பிள்ளை பெற்ற பெண்கள் வாங்கத் தயங்கினார்கள். கல்யாணமாகாத ராஜாம்பாள் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு ஓடித் தவிடு எடுத்து வந்தாள்.

பிள்ளை தேறினான். இரண்டு வயதிருக்கும்போது குழாயடியில் ஒரு சண்டை. ஆத்திரத்தில் அஞ்சலாட்சி, "நான் பெத்த புள்ள மேல சத்தியமா!" என்று கத்திவிட்டாள். கத்திய பிறகு வாயைப் பொத்திக்கொண்டதை ராஜாம்பாள் பக்கத்திலிருந்து பார்த்தாள். அடுத்த அமாவாசைக்குள் காய்ச்சல் கண்டு அஞ்சலாட்சி போய்விட்டாள். பிள்ளைக்கு வந்ததைத் தாய் வாங்கிக்கொண்டாள் என்றது தெரு.

பிள்ளையை வைத்துக்கொள்ள முடியாமல் மாயவன் ஹோமில் விட்டான். தாய் பெயர் கேட்டபோது, செத்தவள் பெயரைச் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. திரும்பி வந்து ராஜாம்பாளிடம், "ஒம் பேரத்தான் குடுத்திருக்கேன். வாங்குனதுன்னுகூட இனிமே யார்ட்டயும் சொல்லாத. அவ ஒரு வார்த்தக்கிப் போயிட்டா" என்றான். பிறகு அவன் நெய்வேலிப் பக்கம் வேலைக்குப் போனான். அங்கேயே இறந்ததாகச் சேதி வந்தது. பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டார்கள் என்பது ராஜாம்பாளுக்கு அவள் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. யாரிடமும் வாய் திறக்கவில்லை. அவன் எங்கோ உயிரோடு இருப்பதற்குத் தன் வாய் மூடியிருப்பதும் ஒரு காரணம் என்று நம்பினாள்.

அன்று மாலைக்குள் எஸ்டேட் முழுவதும் செய்தி பரவிவிட்டது. ராஜ்மோகன் லாரியைத் தெருவில் குறுக்காக நிறுத்திவிட்டு உள்ளே வந்தான்.

"ஏம்மா, வூரே சிரிக்குது. லோடு ஏத்தப் போன எடத்துல 'ஒங்க அண்ணன் வந்திருக்காராமே'ங்கறான். யாரு அவன்?"

"சோறு போடட்டுமா?"

"சோத்த வுடு. எனக்கு முன்னாடி ஒண்ணப் பெத்து ஹோம்ல போட்டுட்டுதான் எங்கப்பாவக் கட்டிக்கிட்டியா? இல்லன்னு ஒரு வார்த்த சொல்லு, போதும். நான் நம்பிக்கிறேன்."

ராஜாம்பாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதோடு காதாகச் சொன்னாலும் சொன்னதுதான்.

"அவங்களுக்குச் சொல்ல இஷ்டமில்லன்னா வுடுங்களேன்" என்றாள் பிரபா.

"நீ கொரியா சீரியலாப் பாத்துக் கெட்டுப் போயிட்ட. அதுலதான் வூட்டுக்கு ஒரு மறைச்சு வச்ச புள்ள இருக்கும். இது விருத்தாசலம்."

மறுநாள் மூவரும் வீட்டுக்கு வந்தார்கள். ராஜ்மோகன் வாசலில் லாரிக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான், எழுந்திருக்கவில்லை. பிரபா சீரியலில் கற்றுக்கொண்ட கொரிய வணக்கத்தைக் குனிந்து சொன்னாள். ஆண்டர்ஸின் மனைவி லேனா பதிலுக்குக் கைகூப்பி, ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

"அவங்களவிட உங்களுக்குத்தான் கொரியா பாஷ நல்லா வருதாம்" என்றார் ஜெயராஜ். "எல்லா ஊர்லயும் இப்படித்தான் ஆவுதாம். அவங்ககிட்ட கொரியால பேசறாங்களாம், இவருகிட்ட தமிழ்ல பேசறாங்களாம். ரெண்டு பேரும் பேந்தப் பேந்த முழிக்கறாங்களாம்."

தேநீர் குடித்து முடித்ததும் லேனா பையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு குழாயை எடுத்தாள். அதில் எச்சில் துப்பிக் கொடுத்தால், டென்மார்க்கில் சோதித்து, யார் யாருக்கு உறவு என்று சொல்லிவிடுவார்களாம்.

ராஜாம்பாள் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். தான் நாக்கைக் கடித்துக்கொண்டு காத்ததை இது ஒரு வாய் எச்சிலில் சொல்லிவிடும். எச்சிலும் அதே வாயிலிருந்து வருவதுதானே. குழாயைத் தரையில் வைத்தாள். "வேணாம்."

லேனாவின் முகம் மாறியது. கணவர் கையைப் பிடித்துத் தடுத்தும் நிறுத்தாமல் பேசினாள். ஜெயராஜ் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"இவங்களுக்கும் கொரியால ஒரு அம்மா கெடச்சாங்களாம். பேரு, பொறந்த தேதி எல்லாம் பொருந்துச்சாம். வருஷா வருஷம் போயி, அவங்க பக்கத்துலயே பாய் போட்டுப் படுத்துக்குவாங்களாம். அப்பறம் டெஸ்ட் எடுத்தா ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. அந்தம்மாவோட கொழந்த ஹோம்லயே செத்துப் போச்சாம். டென்மார்க்ல ஒரு குடும்பம் காத்துக்கிட்டு இருக்குதேன்னு, அந்தக் கொழந்த பேருல இவங்கள அனுப்பிட்டாங்களாம். தன் பேருன்னு நெனச்சதுகூட செத்த கொழந்தையோடதாம்."

"அந்தம்மா?" என்று கேட்டாள் ராஜாம்பாள்.

"எந்தம்மா?"

"கொரியாக்காரம்மா. அவங்க என்ன ஆனாங்க?"

லேனா சொன்னதை ஜெயராஜ் தமிழில் சொன்னார். "பண்டிகைக்கு வான்னு அப்பவும் கூப்பிட்டாங்களாம். இவங்க போகலையாம்."

"போயிருக்கலாம்."

ஜெயராஜ் அதையும் சொன்னார். லேனா தரையைப் பார்த்தபடி மெதுவாகப் பேசினாள். "எனக்கு அம்மா வேணும்னு தேடல, நெசம் வேணும்னு தேடினேன்ங்கறாங்க. இவரும் தப்பான வூட்டுல ஒக்காந்து அழுதுட்டு வந்துடக் கூடாதுங்கறாங்க."

அவள் சொன்னதில் தவறில்லை என்று ராஜாம்பாளுக்குப் பட்டது. அஞ்சலாட்சியின் தம்பி சக்கரபாணி பெண்ணாடத்துக்குப் பக்கத்தில் கரும்பு போட்டுக்கொண்டு உயிரோடுதான் இருக்கிறான். தான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இவன் சொந்தத் தாய்மாமனைப் பார்க்காமலே விமானம் ஏறிவிடுவான். திறந்தால் என்ன ஆகும் என்பதை அவள் ஒரு தடவை பார்த்திருக்கிறாள்.

"எங்க ஊருப் பக்கம் ஒரு வழக்கம் இருக்குது, தம்பி" என்று ஆரம்பித்தாள். தங்காத பிள்ளைகளைப் பற்றி, மூக்குக் குத்துவதைப் பற்றி, குப்பைமேட்டைப் பற்றிச் சொன்னாள். யார் பெயரையும் சொல்லவில்லை. தவிடு என்ற சொல் வந்ததும் ஜெயராஜ் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"அம்மா, அப்ப நீங்க..."

"நான் யாரையும் சொல்லல. வழக்கத்தச் சொன்னேன். வாங்குனவ வாய் தொறக்கக் கூடாது, அதுவும் வழக்கம். அப்படியே சொல்லு. நீயா ஒண்ணும் கூட்டாத."

ஜெயராஜ் சொன்னார். ஆண்டர்ஸ் ஏதோ ஊர்க் கதை கேட்பது போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார். லேனாவின் கை தரையில் கிடந்த குழாய்க்குப் போனது. எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு ஆண்டர்ஸின் காதில் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டுவது நின்றது. ஒரு விரல் மூக்கு மடலுக்குப் போனது.

"அந்த மாதிரிப் புள்ளைக்கு, பெத்தவ பக்கத்துல யாராச்சும் சொந்தம் இருப்பாங்களான்னு கேக்கறாங்கம்மா."

"நாளைக்குக் கார் வருமா? பெண்ணாடம் பக்கம் ஒரு வூட்டுக்குப் போயிட்டு வரலாம்."

தேநீர்க் கோப்பைகளை எடுக்க வந்த பிரபா தட்டோடு நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள்.

மறுநாள் காரில் தானும் வருவேன் என்று ராஜ்மோகன் முன்சீட்டில் ஏறிக்கொண்டான். "எங்கதான் கூட்டிக்கிட்டுப் போறன்னு பாக்கறேன்." வழி முழுக்கக் கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் கார் ஊர்ந்தது. சக்கரபாணியின் வீட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே காரை நிறுத்தச் சொல்லி, ராஜாம்பாள் மட்டும் இறங்கிப் போனாள்.

சக்கரபாணி கட்டிலில் சட்டையில்லாமல் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தான். "வாக்கா! என்ன திடீர்னு? கரும்பு வெட்ட மில்லுலேருந்து ஆர்டர் வரலன்னு நானே கடுப்புல இருக்கேன்."

"தம்பி, ஒருத்தரக் கூட்டியாந்திருக்கேன். பாரு, சோறு போடு. வாயால மட்டும் ஒண்ணும் சொல்லாத."

"சோறு போட்டுட்டு வாய மூடிக்கணுமா? என் வூட்டுக்காரி மாதிரியே பேசற."

"சத்தியம் பண்ணு."

"சரிக்கா, சரி. பேசல."

ஆண்டர்ஸ் தலை குனிந்து வாசற்படி தாண்டி உள்ளே வந்தார். சக்கரபாணி கட்டிலைவிட்டு எழுந்தான். அகலமான நெற்றியைப் பார்த்தான், கண்களைப் பார்த்தான். வாயில் கையை வைத்து அழுத்திக்கொண்டான். வாய் நிற்கவில்லை.

"ஐயோ, எங்கக்கா மூஞ்சி! ஏய், இங்க வாடி! எங்க அஞ்சலாட்சி அக்கா பெத்த புள்ள வந்திருக்கான்டி!"

"இல்ல." ராஜாம்பாளின் குரல் அவளுக்கே பழக்கமில்லாத உயரத்தில் வந்தது. "வேற யாரும் பெக்கல. நான் பெத்தது. என் வயித்துல பொறந்தது." தேடி வந்த சாவு வாசலுக்கு வெளியே நிற்பது போல அந்தப் பக்கம் திரும்பி இன்னொரு தடவை சொன்னாள். "நான் பெத்தது!"

அங்கே நின்றிருந்தது ராஜ்மோகன்தான்.

அவன் அவளை ஒரு கணம் பார்த்தான். பிறகு பஸ் வரும் ரோட்டை நோக்கி நடந்தான். கூப்பிட்டால் நின்றிருப்பான். அவள் கூப்பிடவில்லை.

உள்ளே சக்கரபாணி ஆண்டர்ஸைக் கட்டிக்கொண்டு குலுங்கினான். அவள் என்ன சொன்னாள் என்று லேனா ஜெயராஜிடம் கேட்டாள். அவர் உள்ளபடியே சொன்னார். சாப்பாடு முடிந்த பிறகு லேனா பையைத் திறந்து குழாயை எடுத்தாள். இந்த முறை சக்கரபாணியிடம் நீட்டினாள். "துப்பறதுதானே? அண்டாவுல வேணும்னாலும் துப்பறேன்" என்றான் அவன்.

ஒரு மாதம் போல ஆனதும் ஆண்டர்ஸ் சக்கரபாணிக்கு மருமகன் என்று முடிவு வந்தது. தீபாவளிக்கு டென்மார்க்கிலிருந்து மாமனுக்குக் குளிர்ச் சட்டை வந்தது. பெண்ணாட வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு அவன் மில்லுக்குப் போய் வந்தான். இந்தச் சேதி விருத்தாசலம் வந்து சேர்ந்தபோது எஸ்டேட்டில் இரண்டு பேச்சு இருந்தது. ராஜாம்பாள் கல்யாணத்துக்கு முன் பெற்றவள் என்றது ஒன்று. வெளிநாட்டுக்காரனைப் பார்த்ததும் பெறாத பிள்ளையைத் தன் பிள்ளை என்று சொந்தம் கொண்டாடியவள் என்றது மற்றொன்று. இளமதி இரண்டையும் கேட்டுவிட்டு வந்து, "எது பெரிம்மா நெசம்?" என்றாள். "அந்தக் கண்ணனோட புல்லாங்கொழல் காய்ஞ்சிடப் போவுது, பிசிறப் பாரு" என்றாள் ராஜாம்பாள்.

காலையில் அம்மாவை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பட்டறையில் விடுவதை ராஜ்மோகன் நிறுத்திவிட்டான். சண்டை போடுவதில்லை. மருந்து தீர்ந்தால் வாங்கி வந்து வைத்துவிடுவான். பேச வேண்டியதைப் பிரபாவிடம் சொல்வான், அம்மா பக்கத்திலேயே இருக்கும்போது.

"அவர்கிட்ட நான் சொல்லிடட்டுமா அத்த?" என்று பிரபா ஒருநாள் கேட்டாள். "எல்லாம் எனக்குத் தெரியும். டெஸ்ட்டே சொல்லிடுச்சு, இனிமே என்ன?"

"மெஷினுக்கு உசுரு இல்ல. அது சொல்லலாம். நீ சொல்லாத."

"நீங்க எதுக்கு அப்படிச் சொன்னீங்கன்னு தெரியாம அவரு உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டு இருக்காரு."

"இருக்கட்டும். உசுரோட இருக்கான்ல."

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண்டர்ஸ் வீடியோவில் வருவார். முதலில் மாமனுக்கு, அப்புறம் இங்கே. பிரபாவின் செல்போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துப் பேசுவார்கள். அவருக்குத் தமிழில் அம்மா, மாமா, சாப்டியா, நல்லாருக்கேன், இவ்வளவுதான் வரும். பனி கொட்டுவதைக் காட்டுவார். லேனா பின்னால் நடந்து போகும்போது கையாட்டுவாள். ஒரு முறை அவள் நின்று, இந்த வருஷம் பண்டிகைக்குக் கொரியா போகப் போவதாகப் பிரபாவிடம் எளிய ஆங்கிலத்தில் சொன்னாள்.

தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கமான நேரத்துக்கு அழைப்பு வரவில்லை. ராஜாம்பாள் சோறு வடிக்க மறந்தாள். மத்தியானத்துக்கு மேல் வந்தபோது திரையில் லேனா மட்டும் இருந்தாள்.

பிரபா அவளோடு பேசிவிட்டு, "காய்ச்சலாம் அத்த. சாதாரணக் காய்ச்சல்தானாம். படுத்திருக்காராம்" என்றாள்.

"மூஞ்சியக் காட்டச் சொல்லு."

லேனா செல்போனோடு இன்னோர் அறைக்குப் போனாள். போர்வைக்குள் ஆண்டர்ஸ் கண்ணை மூடிக் கிடந்தார்; ஷேவ் செய்யாத முகம், வாய் லேசாகத் திறந்திருந்தது.

"எழுப்பச் சொல்லு."

"தூங்கறாரு அத்த, பாவம்."

"எழுப்பி ஒரு வார்த்த பேசச் சொல்லு."

லேனா அவர் தோளைத் தொட்டாள். அவர் கண் திறந்து, யார் என்று விளங்கச் சற்று நேரமாகி, கரகரத்த குரலில் "அம்மா, நல்லாருக்கேன்" என்றார்.

கதவோரம் ராஜ்மோகன் லாரிச் சாவியோடு நின்றிருந்தான். உள்ளே வந்தவன் அந்தக் குரலைக் கேட்டு நின்றுவிட்டான். ராஜாம்பாளுக்குத் தெரிந்தது, ஆனால் திரும்பவில்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு திரையையே பார்த்தாள்.

"காய்ச்சல் என்னைக்கு ஆரம்பிச்சதுன்னு கேளு பிரபா. அதுக்கு முன்னாடி யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா கேளு."

"யாரு அத்த, என்ன சொல்லப் போறாங்க?"

"நீ கேளு."